மூன்று வரி ஆணையும் மூலையில் கிடக்கும் பையும்

மாநாடு, ஆண்டு விழா, புதுப்பொருள் அறிமுகம் என்று ஆயிரக்கணக்கில் சணல் பை வாங்கிக் கொடுக்கும் நிறுவனங்களின் கொள்முதல் பிரிவினருக்கும் விளம்பரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

உங்களிடமிருந்து வரும் ஆணை பெரும்பாலும் மூன்று வரிதான். பையின் நீள அகலம், லோகோ கோப்பு, பை கைக்கு வர வேண்டிய தேதி. நாலாவதாக ஒரு வரி இருந்தால் அது விலையைக் குறைக்கச் சொல்வதாக இருக்கும். துணி எத்தனை கிராம், உள்ளே பிளாஸ்டிக் படலம் உண்டா இல்லையா, காது என்னும் கைப்பிடி எதில் தைக்க வேண்டும், எத்தனை கிலோ தாங்க வேண்டும், என்ன மை என்பதெல்லாம் அதில் இருக்காது. எழுதாமல் விட்டதைத் தயாரிப்பவர் தன் வசதிக்கு முடிவு செய்துகொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. விலையை மட்டும் பேசிய ஆணைக்கு விலையை மட்டும் பார்த்துத் தைத்த பைதான் வரும். சணல் துணியை வெட்டி, தைத்து, அச்சிடுகிறவர்கள் என்ற முறையில், அந்த ஆணையில் என்னென்ன எழுத வேண்டும், எழுதாவிட்டால் எது எங்கே கெடும் என்று சொல்லவே இந்த மடல்.

முதலில், கேட்கக் கொஞ்சம் கசப்பான கணக்கு. சணல் என்று பெயர் இருந்தாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று ஆகாது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சணலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கும் பருத்தியும் கலந்த பையை, கடைகளில் கொடுக்கும் சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டார்கள். புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கலப்புப் பையை 23 முறையாவது பயன்படுத்தினால்தான் கணக்கு சமமாகும். தண்ணீர், மண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 870 முறை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பருத்திப் பைக்கு 131 முறை என்றது. வாரம் ஒரு தடவை கடைக்கு எடுத்துப் போகிறவருக்கு 23 முறை என்பது அரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 131 முறை என்பது இரண்டரை வருடம். விழா முடிந்த வாரமே காது பிய்ந்த பை எந்தக் கணக்கிலும் சேராது. உங்கள் பெயரைச் சுமந்துகொண்டு அது வீட்டு மூலையில் கிடக்கும், விளம்பரமும் அதோடு சரி. ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒரே கேள்விக்கான பதில்: இந்தப் பை இரண்டரை வருடம் தாங்குமா?

பை பெரும்பாலும் காதில்தான் போகிறது. காது பிய்ந்த சணல் பை ஒன்று கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். காது முழுசாக இருக்கும். தையலும் அறுந்திருக்காது. அந்தத் தையலில் நாலைந்து சணல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். நடந்தது இதுதான்: சணல் நூல் தடிமனானது, நெசவும் நெருக்கமில்லை. பையின் வாயை ஒரு சென்டிமீட்டர் மடித்து, அதன்மேல் காதை வைத்து நேர்கோட்டில் இரண்டு தையல் ஓட்டினால், எடை ஏறியதும் தையலுக்கு மேலே இருக்கும் குறுக்கு நூல்கள் அப்படியே விளிம்பு வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். அறுந்தது காதல்ல, காதைப் பிடித்திருந்த துணி.

இதற்கு மருந்து மலிவானதுதான். வாயை 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு மடிப்பாக மடிக்கச் சொல்லுங்கள். காதின் நுனி அந்த மடிப்புக்குள் குறைந்தது 4 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். தையல் சதுரமாகச் சுற்றி, நடுவில் பெருக்கல் குறி போட்டு முடிய வேண்டும். உள்பக்கம் அதே துணியில் ஒரு ஒட்டு. கனமான பொருள் வைக்கும் பை என்றால் ஒட்டைப் பருத்திப் பட்டையில் கேளுங்கள். இன்னொன்று, தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். சணலில் அது தலைகீழ். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுந்தால் ஊசியே நூலை வெட்டிவிடும். அஞ்சல் தலை ஓரம்போல வரிசையாக ஓட்டை விழுந்து, கிழிய வழி செய்து கொடுத்ததாகிவிடும். ஆறு, ஏழு தையல் போதும்.

காதுக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் அகலப் பருத்திப் பட்டை நல்லது. உள்ளே கயிறு வைத்து உருட்டிய பருத்திக் காது கைக்கு இதமானது, ஆனால் தோளில் நிற்காது, உருண்டு வழுக்கும். சணலிலேயே காது வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். படத்தில் அழகாக இருக்கும். ஐந்து கிலோ தூக்கி நடந்தால் விரலை அறுக்கும், வியர்வை பட்டு நாளடைவில் நைந்தும் போகும். தோளில் மாட்ட வேண்டுமானால் ஒரு காதின் மொத்த நீளம் 65 முதல் 70 சென்டிமீட்டர், கையில் தூக்க மட்டும் என்றால் 35 முதல் 40. இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 50 போட்டால் தோளில் ஏறாது, கையில் பிடிக்கவும் வசதியாக இராது.

இனித் துணி. விளம்பரப் பைக்கு வருவது ஹெஸியன் என்னும் ஒற்றைப் பாவுத் துணி (பாவு என்பது நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல்). சாக்குக்குப் போகும் இரட்டைப் பாவுத் துணி வேறு. சதுர மீட்டருக்கு 300 கிராம் சுமாரான துணிதான் பைக்குத் தோது. 250-க்குக் கீழே போனால் நெசவு தளர்ந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சல்லடைபோல் தெரியும். ஆலைகள் அவுன்ஸ் கணக்கில் பேசுவதில் ஒரு பொறி இருக்கிறது. 40 அங்குல அகலத்தில் ஒரு கஜம் 10 அவுன்ஸ் என்றால் அது சதுர மீட்டருக்கு 305 கிராம். அதே 10 அவுன்ஸ் சதுர கஜத்துக்கு என்றால் 339 கிராம். நீங்கள் ஒன்றை நினைத்துக் கேட்க, அவர் இன்னொன்றை நினைத்து அனுப்புவார். ஆணையில் கிராமில் எழுதிவிடுங்கள், வழக்கு இருக்காது. எடை போட்டுப் பார்க்கும்போது ஈரத்தையும் கணக்கில் வையுங்கள். சணலுக்கு வணிகத்தில் ஒப்புக்கொண்ட இயல்பான ஈரப்பதமே, உலர்ந்த நாரின் எடையில் 13.75 சதவீதம். மழைக்காலத்தில் நிறுத்தால் துணி உண்மையைவிடக் கனமாகக் காட்டும்.

ஒரு பைக்கு எவ்வளவு துணி ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் அகலம், 35 உயரம், 15 பக்கவாட்டு அகலம் கொண்ட பை. முன்பக்கம், அடிப்பக்கம், பின்பக்கம் மூன்றும் ஒரே துண்டு: 35, 15, 35, அதோடு இரண்டு வாய் மடிப்புக்கு 10, ஆக 95 சென்டிமீட்டர் நீளம், தையலுக்கு 3 சேர்த்து 43 அகலம். பக்கத் துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 18-க்கு 41.5. கூட்டினால் 0.56 சதுர மீட்டருக்கு ஒரு நூல் குறைவு. 305 கிராம் துணியில் பையின் உடம்பு மட்டும் 170 கிராம் வரும். மாதிரிப் பை காதோடு சேர்த்தே 140 கிராம்தான் இருக்கிறது என்றால், துணியில் கை வைத்திருக்கிறார்கள், அல்லது மடிப்பில்.

இதே கணக்கில்தான் உள்ளே ஒட்டும் படலத்தையும் பார்க்கச் சொல்கிறோம். கடையில் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும் சணல் பைகள் அநேகமாக உள்ளே பாலித்தீன் படலம் உருக்கி ஒட்டியவை. ஒட்டுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: நூல் பிசிறு உதிராது, பை நிமிர்ந்து நிற்கும், அச்சும் சற்றுத் துலக்கமாக விழும். ஆனால் 25 மைக்ரான் படலம் என்றால் சதுர மீட்டருக்கு 23 கிராம் பிளாஸ்டிக். நமது பைக்கு ஏறக்குறைய 13 கிராம். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் மெல்லிய பிளாஸ்டிக் பையின் சராசரி எடை எட்டு கிராமை ஒட்டித்தான் இருந்தது. அதாவது பிளாஸ்டிக்கை ஒழிக்க நீங்கள் கொடுக்கும் பை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றரைப் பிளாஸ்டிக் பை ஒளிந்திருக்கிறது. சணலோடு உருகி ஒட்டிய அந்தப் படலத்தைப் பிரித்தெடுக்க வழியில்லை. மண்ணில் போட்டால் சணல் மட்கிப் போகும், படலம் தூளாகி நிற்கும். மடித்து மடித்து எடுத்துப் போகிறவர்களுக்கு மடிப்புக் கோட்டில் படலம் வெடித்து உரியும் தொல்லை வேறு.

எங்கள் யோசனை: பை நிமிர்ந்து நிற்பது உங்களுக்கு அவ்வளவு முக்கியமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படலம் வேண்டாம் என்று ஆணையில் எழுதுங்கள். பிசிறுக்குப் பயந்தால் மெல்லிய பருத்தி உள்துணி கேட்கலாம். அல்லது பருத்தியும் சணலும் சேர்த்து நெய்த ஜூகோ துணி. பெரும்பாலும் முக்கால் பங்கு சணல், கால் பங்கு பருத்தி. அது மெத்தென்று மடியும், பிசிறு குறைவு, அச்சும் நன்றாகப் பிடிக்கும், சணலின் தோற்றமும் போகாது. படலம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும், தடையில்லை; ஆனால் பையின்மேல் ‘100 சதவீதம் மட்கும்’ என்று அச்சிடச் சொல்லாதீர்கள். அது பொய். அமெரிக்காவின் வணிக ஆணையம் பசுமை விளம்பரத்துக்கு வகுத்த வழிகாட்டுதலின்படி, வழக்கமான முறையில் தூக்கி எறிந்தபின் ஓராண்டுக்குள் முழுவதும் மட்கும் பொருளைத்தான் நிபந்தனையின்றி அப்படிச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு உத்தரவு, ஆதாரம் காட்டாத பொத்தாம்பொதுவான பசுமை வாசகங்களுக்கே தடை போடுகிறது. பாலியெஸ்டர் நூலில் தைத்த பைக்கும் இதே பேச்சுதான். முழுக்க மட்க வேண்டுமானால் தையல் நூலும் காதும் பருத்தியில் கேட்க வேண்டும்.

அச்சுக்கு வருவோம். உங்கள் வடிவமைப்பாளர் கணினித் திரையில் பார்த்துத் திருப்திப்பட்ட லோகோ சணலில் ஏன் சிதைகிறது? ஹெஸியனில் அங்குலத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு நூல்தான். ஒரு நூலின் நடுவிலிருந்து அடுத்த நூலின் நடுவுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் கோடு நூல்மேல் விழுந்தால் தெரியும், இடைவெளியில் விழுந்தால் காணாமல் போகும். ஆகவே எந்தக் கோடும் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கோடுகளுக்கிடையே இடைவெளியும் அப்படியே. சுழியும் கொம்பும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இது இன்னும் கண்டிப்பு. ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். எழுத்துயரம் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், தடித்த எழுத்தில் கொடுங்கள். கியூஆர் குறியீடு சணலில் நேரடியாக வேண்டாம். சிறிய வலை முகவரிக்கே 25-க்கு 25 கட்டம் தேவை. ஒரு கட்டத்துக்கு இரண்டு நூலாவது, அதாவது 4 மில்லிமீட்டர் கொடுத்து, சுற்றிலும் நான்கு கட்டம் வெற்றிடமும் விட்டால் பையின் முகத்தில் 13 சென்டிமீட்டரை அதுவே தின்றுவிடும். அப்படியும் எல்லாக் கைபேசியும் படிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சின்ன எழுத்து, குறியீடு, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு பருத்தித் துண்டில் அச்சிட்டு உள்பக்கம் தைத்துவிடலாம். வெளியே லோகோ மட்டும்.

நிறத்தில் ஒரு சேதி. சணலின் பழுப்பின்மேல் மெல்லிய மஞ்சள் அழுக்காகத் தெரியும், வெளிர்நீலம் பச்சைச் சாயல் அடிக்கும். கறுப்பு, அடர்பச்சை, அடர்சிவப்பு, கருநீலம் தைரியமாகக் கேளுங்கள். வெள்ளை வேண்டுமானால் இரண்டு தடவை அடிக்க வேண்டும்; ஒரு தடவை அடித்த வெள்ளை சாம்பல்தான். சரி, சணலையே வெளுத்துக் கொடுங்கள் என்பார்கள். வெளுத்த சணல் வெயில் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். நாரிலேயே இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளின் குணம் அது, முழுவதும் தடுப்பது கடினம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு ஸ்கிரீன் (மை இறக்கும் வலைச்சட்டம்) வேண்டும் என்பதால் ஒரே நிறம், மிஞ்சினால் இரண்டு என்று நிறுத்திக்கொண்டால் விலையும் குறையும், நிறம் நகர்ந்து விழும் பிழையும் குறையும்.

மையைப் பற்றி ஆணையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். பிளாஸ்டிசால் மை என்பது பிவிசி பிளாஸ்டிக். பளிச்சென்று நிற்கும், ஆனால் 160 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றினால்தான் இறுகும். பாலித்தீன் படலமோ 105 முதல் 115 பாகையிலேயே உருகிவிடும். படலம் ஒட்டிய பையில் இந்த மையை அடித்துவிட்டு, படலம் சுருங்காமலிருக்கச் சூட்டைக் குறைத்தால், மை இறுகாமல் நகத்தால் சுரண்டினாலே உரியும். தண்ணீர் மை என்று எழுதுங்கள். காய ஒரு நாள் கொடுங்கள். நாளை மறுநாள் வேண்டும் என்று நெருக்கினால் ஈர அச்சோடு அடுக்குவார்கள், ஒரு பையின் லோகோ அடுத்த பையின் முதுகில் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டி வரும்.

சாயம் தோய்த்த சணல் பை கேட்கிறவர்கள், வெள்ளைத் துணியை நனைத்து அந்தப் பைமேல் பத்து முறை தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முறையான சோதனைக்கு ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 என்று பெயர். தோளில் மாட்டும் பை வியர்வையில் நனையும், சாயம் சட்டையில் ஏறும், அப்புறம் உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். புற்றுநோய்க்குக் காரணமாகும் சேர்மங்களை வெளிவிடக்கூடிய அசோ சாயங்கள் இல்லை என்ற சான்றும் கேளுங்கள். ஐரோப்பாவில் அந்தச் சேர்மங்களுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை.

பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்ற புகார் அடிக்கடி வரும். சணல் நார் முரடு என்பதால், நூற்கும் முன் எண்ணெயும் தண்ணீரும் கலந்து தெளித்து இளக்குவார்கள். மலிவான முறையில் அது கனிம எண்ணெய். வாடை அங்கிருந்துதான் வருகிறது. தவிட்டெண்ணெய் போன்ற தாவர எண்ணெயில் பதப்படுத்திய துணி என்று எழுதிக் கேட்டால் கிடைக்கும். காபிக் கொட்டை, கோகோ, ஓடு நீக்கிய கொட்டை வகை மூட்டைகளுக்காக சர்வதேசச் சணல் அமைப்பு வகுத்த 98/01 என்ற தர விதியில், சோப்பாக மாறாத எண்ணெய்ப் பொருள் கிலோவுக்கு 1,250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். தின்பண்டம் வைத்துக் கொடுக்கப் போகிற பைக்கு இந்த விதியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வாடைக்கு அடுத்தது பூஞ்சணம். சணல் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தைத்த பையை நன்றாக உலர்த்தாமல் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, அட்டைப்பெட்டியில் அடைத்து, மூன்று வாரம் கப்பலில் அனுப்பினால், இரவுக் குளிரில் கொள்கலனின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். திறக்கும்போது கருப்புப் புள்ளி. அது பிறகு எதிலும் போகாது. தனித்தனி உறை வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக்குக்கு மாற்றாகக் கொடுக்கும் பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி நீட்டுவதும் பார்க்க நன்றாயில்லை. காகிதம் விரித்த பெட்டியில் 50 பை, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு, பெட்டி தரையில் படாமல் மரப்பலகைமேல்.

துணியில் அங்கங்கே தடித்த நூலும் பழுப்புத் திட்டும் இருந்தால் பையைத் திருப்பி அனுப்பாதீர்கள். சணல் தண்டைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்கும்போது எல்லா நாரும் ஒரே பக்குவத்தில் வராது. அது சணலின் முகம். திருப்பி அனுப்ப வேண்டியவை வேறு: நூல் விட்டுப்போன வரி, தப்பிய தையல், கோணலான காது, பை வாயில் மடிப்புக்கு வெளியே நீட்டும், தைக்காத வெட்டு விளிம்பு. எது குறை, எது குறையல்ல என்று இரண்டு பட்டியலும் ஆணையோடு போனால் கடைசி நாள் சண்டை மிச்சம். ஆயிரம் பையையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி, பொதுவான இரண்டாம் நிலை ஆய்வில், ஆயிரம் பைக்கு 80 எடுத்துப் பார்த்தால் போதும், 2.5 என்ற தர எல்லையில் (ஏற்கத்தக்க குறையின் அளவு) ஐந்து குறைப் பை வரை ஏற்கலாம், ஆறாவது வந்தால் மொத்தமும் திரும்ப வேண்டும். அந்த எண்பதில் ஐந்து பையை எடுத்து ஒவ்வொன்றிலும் 10 கிலோ போட்டு ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் காதடியில் நூல் நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பையின்மேல் என்ன அச்சிடுவது என்பதில் எங்களுக்கு உரிமையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். விழாவின் பெயரும் தேதியும் போட்ட பை, மறுநாளே பழைய பை. முகம் முழுக்க லோகோ போட்ட பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போக யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் உள்ளங்கை அளவு லோகோ, மறுபக்கம் வெறுமை அல்லது ஒரு நல்ல கோட்டோவியம், இதுதான் தெருவில் நடமாடும். உள்பக்கத் துண்டில் ‘இயந்திரத்தில் துவைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வைக்கவும்’ என்று ஒரு வரி சேருங்கள். நனைந்த சணலுக்குப் பலம் குறையும், சுருங்கவும் செய்யும். இது தெரியாமல் முதல் சலவையிலேயே உருக்குலையும் பைகள் ஏராளம். எண்ணிக்கையையும் யோசியுங்கள். வருகிறவர் எல்லாருக்கும் என்று ஆயிரம் வாங்குவதைவிட, வேண்டும் என்று கேட்கிறவருக்கு மட்டும் என்று அறுநூறு வாங்கி, மிச்சப் பணத்தை ஜூகோ துணியிலும் காதிலும் போடலாம்.

கடைசியாக மாதிரி. ஆணை உறுதியாகும் முன் அச்சு, காது, படலம் எல்லாம் இறுதி நிலையில் உள்ள மாதிரிப் பை இரண்டு கேளுங்கள். திரையில் காட்டும் படம் மாதிரி ஆகாது. இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்று எங்களிடம் இருக்கட்டும். உங்களிடம் உள்ளதை அலமாரியில் வைத்துப் பூட்டாமல், அலுவலகத்தில் தினமும் பேருந்தில் வருகிற ஒருவரிடம் கொடுங்கள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, கோப்பு எல்லாம் அதிலேயே ஒரு வாரம் வந்து போகட்டும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, பிறகு மொத்த ஆணையை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சணல் பை வெட்டும், தைக்கும், அச்சிடும் பட்டறையினர்